சவுக்குமலைப் பங்குகளும் ஒரு வெற்றிலைத் தட்டும்

சென்ற மாதம் நுவரெலியா மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியின் மொழிப் பிரிவிலிருந்து ஷாலினி தொலைபேசியில் பேசினாள். நான் ஓய்வு பெற்ற வருடம் வேலையில் சேர்ந்த பிள்ளை.

"சேர், இப்ப கூட்டம்னா போனை மேசை நடுவுல வச்சிடுறாங்க. சிங்களத்துல கேட்டுக்கிட்டு அதுவே தமிழ்ல சொல்லுது. நாங்க பக்கத்துல பூச்சாடி மாதிரி ஒக்காந்திருக்கோம்."

"பூச்சாடிக்காவது யாராச்சும் தண்ணி ஊத்துவாங்க" என்றேன்.

சிரித்தாள். பிறகு, "அந்தக் கம்பனி கேஸை எழுதிக் குடுங்க சேர். புதுசா வந்த பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் காட்டணும்" என்றாள். அதனால்தான் இது. எனக்குப் பேச வரும். எழுதுவது அவ்வளவு பழக்கமில்லை. பேசுவது போலவே எழுதிக்கொண்டு போகிறேன்.

நான் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடம் நின்றது. சிங்களத்தை ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து பேக்கரியில் பாண் அடுக்கிக்கொண்டே படித்தேன். ஆங்கிலத்தைப் பழைய பத்திரிகைகளில் இருந்து பிடுங்கிக்கொண்டேன். பரீட்சையில் விழுந்து எழுந்து ஒருவழியாக அரசாங்க உரைபெயர்ப்பாளன் ஆனேன். ஒருவர் சிங்களத்தில் பேசுவதை அந்த இடத்திலேயே தமிழில் சொல்ல வேண்டும். தமிழில் பேசுவதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆனால் இரண்டு பக்கத்து ஆட்களும் முகத்தைச் சுளிக்கும்போது நம்மைப் பார்த்துத்தான் சுளிப்பார்கள்.

ஆரம்ப காலத்தில் ராகலைப் பக்கம் ஒரு குடிநீர்த் திட்டத்துக்குப் போயிருந்தோம். அதிகாரி தேயிலை பறிக்கும் ஒரு கொழுந்துக்காரப் பெண்ணிடம், புதுக் குழாய் வந்த பிறகு திருப்தியாக இருக்கிறீர்களா என்று கேட்டார். அவர் "இருக்கோம்ங்க" என்றார். அப்படியே சொன்னேன். "இது ஆமாவா, இல்லையா?" என்று அதிகாரி என்னைக் கடிந்தார். திரும்பவும் கேட்டேன். அந்தப் பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அதுக்கு மேல கேட்டா நான் பொய் சொல்லணும்ங்களே" என்றார். அதையும் சொன்னேன். அதிகாரி கொஞ்ச நேரம் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். சனங்கள் பேசுவதை உரசாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும், நாம் அதற்குப் பொட்டு வைத்துப் பூ வைக்க வேண்டியதில்லை என்று எனக்குப் பட்டது அன்றைக்குத்தான்.

இனி கம்பனி விஷயம்.

அரசாங்கம் தோட்டங்களைத் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைத்த காலத்தில் நிலத்தை விற்கவில்லை. நீண்ட காலக் குத்தகைக்குத்தான் விட்டது. கம்பனியில் தனக்கென்று ஒரே ஒரு பங்கை வைத்துக்கொண்டது. அதற்குத் தங்கப் பங்கு என்று பெயர். கம்பனி யார் கைக்குப் போனாலும் அரசாங்கத்தைக் கேட்காமல் நிலத்தில் கை வைக்க முடியாது என்பதுதான் அதன் பலம். தொழிலாளருக்கும் கொஞ்சம் பங்கை இலவசமாகக் கொடுத்தார்கள். நிறையத் தோட்டங்களில் சனங்கள் அதை அப்போதே விற்றுவிட்டார்கள். நான் சொல்லும் கம்பனியில் மட்டும் பலர் விற்கவில்லை. பங்குப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். "கும்புடவும் முடியல, சமைக்கவும் முடியல. ஆனா செவுத்துக்கு நல்லாருக்கு" என்பார் சவுக்குமலைத் தோட்டத்தில் இருந்த என் காமாட்சி அக்கா.

ஓய்வுக்குச் சில வருடங்கள் முன்னால், கொழும்பில் ஒரு முதலீட்டுக் குழு அந்தக் கம்பனியை வாங்கக் கிளம்பியது. கம்பனி இயக்குநர்கள் விற்கச் சம்மதிக்கவில்லை. உடனே குழு அவர்களை விட்டுவிட்டு, பங்கு வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவரிடமும் நேரே போய், சந்தை விலையைவிடக் கூடுதலாகத் தருகிறோம், எங்களிடம் விற்றுவிடுங்கள் என்று கேட்டது. பாதிக்கு மேல் கைக்கு வந்தால் கம்பனி அவர்களுடையது. வேகமாகச் சேர்த்தும் விட்டார்கள். கடைசியில் குறைந்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் தொழிலாளர் கையில் இருந்தது.

அரசாங்கத்துக்கு ஏன் இதில் பதற்றம்? அந்தக் குழுவின் தொழில் ஹோட்டல் கட்டுவது. சவுக்குமலை மாதிரி உச்சித் தோட்டங்களில் நின்றால் கீழே நீர்த்தேக்கம் முழுவதும் தெரியும். தங்கப் பங்கு இருக்கிறதே, தடுத்துவிட முடியாதா என்று அமைச்சர்கள் கேட்டார்கள். அரசாங்கச் சட்ட அதிகாரிகள் உதட்டைப் பிதுக்கினார்கள். அந்தப் பங்கு நிலத்தை விற்க விடாது. தேயிலைச் செடியை வெட்டிக் கவ்வாத்து பண்ணு, கொழுந்து எடு என்று யாரையும் கட்டாயப்படுத்தாது. தோட்டத்தைப் பராமரிக்காமல் காடாக விட்டுவிட்டு, வேலை இல்லை என்று சனங்களைக் கலைத்து, சில வருடங்கள் கழித்து, காடுதானே, ஹோட்டல் கட்டுகிறோம் என்று அனுமதி கேட்டால் அப்போது என்ன பதில் சொல்வது? கொழும்பில் இதைப் பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தோட்டம் தோட்டமாகவே நடக்கும் என்று எழுத்தில் உறுதி தரும்படி குழுவிடம் கேட்பது. குழு பதில் சொல்லாமல் இழுத்தடித்தது. அதற்கிடையில், பங்கு வைத்திருக்கும் தொழிலாளர்களிடம் தோட்டம் தோட்டமாகப் போய், நடப்பது என்னவென்று அவர்கள் மொழியில் விளக்குவது.

விளக்குவது மட்டும்தான். விற்காதே என்று அரசாங்க ஆள் ஒருவன் வாய் தவறிச் சொன்னாலும், அரசாங்கம் பங்குதாரரை மிரட்டுகிறது என்று குழு நீதிமன்றம் போய்விடும். எடுத்த காரியம் மொத்தமும் அதோடு கவிழும்.

இந்தப் பொறுப்போடு அமைச்சிலிருந்து வந்தவர் மேலதிகச் செயலாளர் பத்மினி மேடம். நானுஓயா ரயில் நிலையத்தில் இறங்கும்போது அவர் கையில் ஒரு குடை, ஒரு பிளாஸ்க், ஒரு பை நிறைய சீனி தூவிய பணிஸ் ரொட்டி. "யார் வீட்டுத் தேநீரும் வேண்டாம். தோட்ட நிர்வாகி பங்களாவிலும் வேண்டாம், தொழிலாளர் தலைவர் வீட்டிலும் வேண்டாம். பசித்தால் இது" என்று வேனில் ஏறும்போதே சொல்லிவிட்டார். சிங்களத்தில்தான் பேசுவார். அவருக்கு ஒரு பழக்கம். யார் எதைச் சொன்னாலும் 'புரிகிறது' என்று தலையாட்ட மாட்டார். "ஈட்ட பஸ்ஸே?" என்பார். அதற்கு அப்புறம்? கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மாவைத் தாங்க முடியாமல் எதிரில் இருப்பவர் வயிற்றில் உள்ளதெல்லாம் கொட்டிவிடுவார். அமைச்சர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால், வேனை நிறுத்தச் சொல்லி, இறங்கி, ரோட்டோரம் நேராக நின்றுதான் பேசுவார். "சரி சேர், சரி சேர்" என்பார். ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சேலை முந்தியால் துடைப்பார். நிறையத் துடைத்தால் விஷயம் மோசம் என்று நான் தெரிந்துகொண்டேன்.

வேனிலேயே எனக்கு ஒத்திகை. அவர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் தமிழில் சொல்ல வேண்டும்; சொன்ன தமிழைத் திரும்பவும் சிங்களமாக்கிக் காட்ட வேண்டும். நிர்வாகத்துக்கு விருப்பமில்லாமல் வாங்க வருவதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் சொல்லில் பகை என்ற வாசனை அடிக்கும். அதை எப்படிச் சொல்லப் போகிறாய் என்றார். "சம்மதிக்காத வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வர்ற மாதிரி" என்றேன். எனக்கு அந்த உவமையில் ஏகப்பட்ட பெருமை.

மேடம் யோசித்தார். "கேட்கிறவன் யார் பக்கம் நிற்பான்?"

"பொண்ணு பக்கம் மேடம்."

"அப்படியானால் அது விளக்கம் இல்லை, வக்காலத்து. வேண்டாம்."

கடைசியில், 'கம்பனி நடத்துறவங்க வேணாம்னாங்க. அதனால பங்கு வச்சிருக்க ஒங்ககிட்ட நேரா வந்திருக்காங்க' என்பதோடு முடிந்தது. உப்பு கம்மிதான், ஆனால் சுத்தம்.

மற்றத் தோட்டங்களில் கூட்டம் ஒழுங்காக நடந்தது. சவுக்குமலைதான் என் தொண்டையில் நின்றது. என் அக்கா தன் புருசன் பிள்ளைகளோடு இருந்தது அதன் மேல் டிவிசனில். தோட்டம் காடானால் முதலில் காலியாவது அந்த லயம். அக்காவுக்குப் போக வேறு இடமில்லை. அதே நேரம், அவருடைய சின்ன மகள் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்துப் பணமில்லாமல் நின்றாள். விற்கவும் காரணம் இருந்தது, விற்காமல் இருக்கவும் காரணம் இருந்தது.

மேடத்திடம் சொல்லிவிட்டேன். "அங்க என் அக்கா இருக்காங்க மேடம். வேற ஆளைப் போடுங்க."

"ஈட்ட பஸ்ஸே?"

"வேற ஆள் இல்லைதான். இருக்கிறவர் லீவுல."

கண்ணாடியைத் துடைத்தார். "கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுவோம். மறைத்தால்தான் குற்றம். நீ ஒரு சொல் கூட்டாதே, ஒரு சொல் குறைக்காதே. அக்கா முகத்தைப் பார்க்காமல் பேச முடியுமா?"

"முடியும் மேடம்" என்றேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது.

றொசல்ல ஊரைத் தாண்டி மேலே ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தில் நிற்க முடியாததால் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் கூட்டம். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. பிற்பகல் கொழுந்து நிறுத்து முடித்துவிட்டுச் சனங்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு அப்படியே நின்றார்கள். முன்வரிசையில் தோட்டத் தலைவர் முத்துவேலு. தொழிற்சங்கத்துக்கும் கோயிலுக்கும் அவர்தான் முன்னால் நிற்பார். எதிர்ப்பக்கம் குழுவின் வக்கீலான சட்டத்தரணி, தமிழ் தெரிந்த உதவியாளர் ஒருவரோடு. அந்த உதவியாளர் போனை நீட்டி எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தார். அவர்களுக்குப் பக்கத்தில் குடையை மடக்கிக்கொண்டு நின்றவரைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். ஹட்டன் ஜவுளிக்கடை அருணாசலம் முதலாளி. சவுக்குமலையில் எந்தக் கல்யாணத்துக்கும் கூறைச் சேலை அவர் கடையில்தான். தேர்த் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் அன்னதானம் போடுகிறவர். அவர் இங்கே எதற்கு?

மேடம் முதலில் என் அக்கா விஷயத்தைச் சொன்னார். சட்டத்தரணி உடனே எழுந்தார். நல்ல சிங்களம், கூர்மையான ஆள். "எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. இந்த இடத்தில் சத்தமாகப் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் இவர் இரண்டு மொழியிலும் சொல்ல வேண்டும். தனக்குப் பிடித்ததைச் சொல்லி, பிடிக்காததை விழுங்கக் கூடாது."

"நியாயம்" என்றார் மேடம். நான் அதையும் தமிழில் சொன்னேன்.

விளக்கம் முடிந்தது. யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மற்றத் தோட்டங்களில் இந்த நேரத்தில் கேள்வி பிய்த்துக்கொண்டு வரும். இங்கே எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் தராசைப் பார்த்தார். என்னவோ சரியில்லை என்று எனக்குப் பட்டது.

அப்போது, நான் பயந்துகொண்டிருந்த அந்தக் குரல் வந்தது.

"தம்பி, சுத்தி வளைச்சுப் பேசாத. விக்கவா, வேணாமா? ஒனக்குத் தெரியாததா? நீயே சொல்லு."

காமாட்சி அக்கா. கூட்டம் சிரித்தது. சட்டத்தரணியின் உதவியாளர் போனை எனக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். எனக்குப் பதில் தெரியும். நாக்கு நுனியில் நிற்கிறது. மேடத்தின் பக்கம் திரும்பி, அக்கா கேட்டதைத் தம்பி என்ற சொல்லோடு சேர்த்து அப்படியே சிங்களத்தில் சொன்னேன்.

மேடம் என் அக்காவைப் பார்த்தே பதில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். "அரசாங்கம் அதச் சொல்லக் கூடாது. பங்கு ஒங்களோடது. முடிவும் ஒங்களோடது."

"அப்ப மழையில நனைஞ்சுக்கிட்டு இவ்வளவு தூரம் எதுக்கு வந்தீங்க? மடுவம் ஒழுகுதான்னு பாக்கவா?"

சிரிப்பு இன்னும் பெரிதானது. அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். நான் தகரத்தின் ஓட்டை ஒன்றைப் பார்த்தேன்.

பின்னால் நின்ற ஓர் ஆள், "எதுக்குக் காமாட்சி அந்தாள நச்சரிக்கிற? பேச்சுத்தான் எப்பவோ முடிஞ்சிருச்சே. தலைவரு தட்டு வாங்கியாச்சு" என்றார்.

எங்கள் தோட்டங்களில் வெற்றிலைத் தட்டு கை மாறினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கல்யாணத்துக்கும் அதுதான், கோயில் காரியத்துக்கும் அதுதான். அருணாசலம் முதலாளி எதற்கு வந்திருக்கிறார் என்பதும் விளங்கிவிட்டது. குழுவுக்காக இங்கே வந்து பேசியவர் அவர். சாமி முன்னால் தட்டு நீட்டியிருப்பார். தலைவர் எல்லோருக்குமாக அதை வாங்கியிருக்கிறார். ஒரு கையெழுத்தும் இல்லை. ஆனால் இந்தச் சனங்கள் மனதில் பங்கு போய்விட்டது.

"தட்டு" என்று சொன்னதும் மேடம் புருவத்தை உயர்த்தினார். "நான் விளக்கலாமா மேடம்?" என்று கேட்டேன்.

சட்டத்தரணி துள்ளினார். "கூடாது. அவர் உரைபெயர்ப்பாளர், சாட்சி அல்ல. விளக்க வேண்டியவர்கள் விளக்கட்டும்."

"அதுவும் நியாயம்" என்றார் மேடம். தலைவர் பக்கம் திரும்பினார். "தட்டு என்றால்?"

முத்துவேலு தலைவர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். "வெத்தலத் தட்டுங்க நோனா. வாங்கிட்டா வாங்கினதுதான்."

"நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே. சட்டப்படி விற்பனை நடக்கவில்லை. இன்னும் உங்கள் விருப்பம்தான்."

"கையெழுத்துன்னா கை மட்டும் போட்டது நோனா. தட்டு வாங்கினது நான் முழு ஆளா. இப்ப இல்லேன்னு சொல்லிட்டு நான் எந்த மூஞ்சியோட கோயில் வாசப்படி மிதிக்கிறது?"

மேடம் மறுபடி சட்டம் பேசவில்லை. இன்னொரு அதிகாரியாக இருந்திருந்தால், இது என்ன மூடப் பழக்கம் என்று ஆரம்பித்திருப்பார். மேடம் பெஞ்சில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"வாங்கினீர்கள். எப்படி வாங்கினீர்கள்? முதலிலிருந்து சொல்லுங்கள்."

"தேரு நிலைக்கு வந்ததும் மொதலாளி வந்தாருங்க."

"ஈட்ட பஸ்ஸே?"

"இந்த மாதிரி நல்ல வெலைக்குக் கேக்குறாங்க, எனக்குத் தெரிஞ்ச ஆளுங்கதான்னாரு."

"ஈட்ட பஸ்ஸே?"

இதை நான் தமிழில் சொல்வதற்கு முன்பே தலைவருக்கு விளங்கிவிட்டது. மழை கொஞ்சம் குறைந்தது. "நான் கேட்டேங்க, லயமெல்லாம் என்னாகும்னு. தோட்டம் தோட்டமாவே இருக்கும், ஒரு லயத்த ஒருத்தன் தொட மாட்டான், அதுக்கு நான் பொறுப்புன்னாரு. எங்க பிள்ளைங்க காலத்துலயுமான்னு கேட்டேன். ஆமான்னு தட்ட நீட்டினாரு. அந்த வார்த்தைக்குத்தாங்க வாங்கினேன். வெலைக்கு இல்ல."

இந்த முறை மேடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது, கேட்டால் தூண்டிவிட்டதாகிவிடும். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். துடைக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தோம். தான் சொன்னது தலைவர் காதிலேயே அப்போதுதான் விழுந்த மாதிரி இருந்தது. மெதுவாக முதலாளி பக்கம் திரும்பினார்.

"மொதலாளி, அந்த வார்த்தைய இங்கயும் ஒருக்கா சொல்லிருங்களேன். நோனாவும் கேக்கட்டும்."

அருணாசலம் முதலாளி கெட்ட மனிதர் அல்ல. அவர் முகத்தைப் பார்த்தவன் நான். கொழும்பு ஆட்கள் சொன்னதை நம்பித்தான் வந்து சொல்லியிருக்கிறார். "அவங்க என்கிட்ட அப்பிடித்தான் சொன்னாங்க தலைவரே" என்றார்.

"அவங்கள எனக்குத் தெரியாது மொதலாளி. ஒங்களத்தான் தெரியும். நீங்க சொல்லுங்க."

முதலாளி சட்டத்தரணியிடம் திரும்பிச் சிங்களத்தில் கேட்டார், "அதைச் சொல்லலாம்தானே?"

சட்டத்தரணி பதறிவிட்டார். மழை இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தி, "வேண்டாம்! அப்படி ஒரு உறுதியை நாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. நீங்கள் கொடுக்கவும் முடியாது!" என்றார்.

மடுவம் முழுவதும் என்னைப் பார்த்தது. அது முதலாளியிடம் சொன்னது. கூட்டத்துக்குச் சொன்னது அல்ல. ஆனால் சத்தமாகச் சொன்னது. சொல்வதா, விடுவதா? மேடத்தைப் பார்த்தேன். அவர் சொல் என்றும் தலையாட்டவில்லை, வேண்டாம் என்றும் தலையசைக்கவில்லை. சத்தமாகப் பேசும் ஒவ்வொரு சொல்லும் என்று அந்தச் சட்டத்தரணிதான் கேட்டார். அந்த ஒவ்வொன்றில் இதுவும் சேர்த்திதான். வாயைத் திறந்தேன்.

"வேணாம். அப்பிடி ஒரு உறுதிய நாங்க யாருக்கும் குடுக்கல. நீங்க குடுக்கவும் முடியாது."

கூட்டாமல், குறைக்காமல்.

சட்டத்தரணி என்னை நோக்கிக் கையை நீட்டினார். உதவியாளர் அவர் காதில் ஏதோ சொன்னதும் கையை இறக்கிவிட்டார். தப்பாக எதையும் நான் சொல்லவில்லை என்பது அந்த ஆளுக்குத் தெரியும்.

அருணாசலம் முதலாளி சிங்களத்தில் கேட்ட பதிலைச் சனங்கள் தமிழில் கேட்டுவிட்டார்கள். இனி பேச்சை மாற்ற வழியில்லை. செருப்பைக் கழற்றினார். சகதியில் வெறுங்காலோடு தலைவருக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"தட்டக் குடுத்துருங்க தலைவரே. என்னால அந்த வார்த்தையக் காப்பாத்த முடியாது."

தட்டு கொடுத்தவரே கை நீட்டித் திரும்ப வாங்கினால்தான் வாங்கினவருக்கு விடுதலை. அதை அவரும் அறிவார். கோயிலிலிருந்து பித்தளைத் தட்டைக் கொண்டுவந்தார்கள். வெறுந்தட்டாகத் தரக்கூடாது என்று ஒரு கொழுந்துக்காரப் பெண் மடியை அவிழ்த்துத் தன் வெற்றிலையை எடுத்து வைத்தார். தலைவர் கொடுத்தார். முதலாளி வாங்கினார். இருவர் கண்ணும் கலங்கியிருந்தது. நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வேனில் ஏறியதும் மேடம் பணிஸ் பையை என் பக்கம் தள்ளினார். வளைவுகளில் வேன் ஆடியதில் பாதி சீனி சீட்டில் கொட்டியது.

அதோடு நிம்மதி வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். குழு அமைச்சுக்கு முறைப்பாடு அனுப்பியது: சொந்தக்காரி இருக்கும் தோட்டத்தில் உரைபெயர்ப்பாளர் சனங்களைத் திருப்பிவிட்டார். விசாரணை. அவர்கள் பதிவையே ஒலிக்கவிட்டுக் கேட்டார்கள். ஓய்வூதியம் என்னவாகுமோ என்று என் மனைவி கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். எனக்கு அதைவிடப் பயம் வேறொன்றில் இருந்தது. தட்டு திரும்பியதால் சனங்களுக்குக் கட்டுத்தான் அவிழ்ந்தது. விற்கமாட்டார்கள் என்று யார் சொன்னது? ஒவ்வொருவருக்கும் ஒரு அவசரம். சிலர் விற்றார்கள். விற்றவர்களை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். பழைய கம்பனியும் அவர்களுக்குப் பாலும் தேனும் ஊற்றவில்லை. பத்திரிகையில் தினமும், குழு பாதியைத் தாண்ட இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான் என்று வந்துகொண்டிருந்தது. அக்கா என்னோடு பேசவில்லை. தொலைபேசியில் அழைத்தால், அத்தான், "குளிக்கிறா" என்பார். ஒரு மனுசி அவ்வளவு குளிக்க மாட்டாள்.

பங்கு வாங்கக் குழுவுக்கு இருந்த காலக்கெடு முடிந்த அன்று பத்மினி மேடம் அழைத்தார். பாதியைத் தாண்டவில்லை, குழு வாபஸ். முறைப்பாட்டிலும் என் மேல் தவறில்லை என்று எழுதிவிட்டார்கள். "ஈட்ட பஸ்ஸே மேடம்?" என்று நான் கேட்டுவிட்டேன். அவர் சிரித்து அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டேன். கொழும்பில் இரண்டு அமைச்சர்கள், தோட்டங்களைக் காப்பாற்றியது தாங்கள்தான் என்று தனித்தனியாக அறிக்கை விட்டார்கள்.

அடுத்த ஞாயிறு சவுக்குமலைக்குப் போனேன். அக்கா லயத்து அறையான காம்பரா வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். பத்திரம் சுவரிலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் பிளேன்டீயைக் கொண்டுவந்து நங்கென்று வைத்தார்.

"அத்தன பேரு முன்னால கூடப் பொறந்தவ கேக்குறேன், மொகத்தத் திருப்பிக்கிட்டியேடா."

"சொல்லக் கூடாதுக்கா. சொல்லியிருந்தா எல்லாம் கெட்டுப் போயிருக்கும்."

"என்ன சொல்லியிருப்ப?"

இனி சொன்னால் என்ன? "விக்காதன்னுதான் சொல்லியிருப்பேன்."

அக்கா விறகுத் தூசியை முந்தானையில் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். எனக்கு அந்த முகம் தெரியும். சிரிப்பை அடக்கும்போதுதான் அப்படி இறுகும்.

"நல்லவேள, சொல்லாம விட்ட. பொறந்ததுல இருந்து கவர்மெண்டு ஆளு ஒருத்தன் வந்து இதச் செய்யாதன்னு சொன்னா, அதுல அவனுக்கு என்னமோ இருக்குன்னுதான் நாங்க பாத்திருக்கோம். நீ மட்டும் அன்னைக்கு விக்காதன்னு வாயத் தொறந்திருந்தா, மறுநா காலைல மொத ஆளாப் போயி வித்திருப்பேன்."